அமுதவல்லி அக்காவின் ஒரு வரி

எங்கள் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகளுக்கான பேலியேட்டிவ் கேர் குழு தொடங்கியபோது கேக் வெட்டினார்கள். பிழைக்காது என்று தெரிந்துவிட்ட குழந்தையை வலியில்லாமல் வைத்துக்கொள்வது, பெற்றவர்களுக்குத் துணை நிற்பது, இதுதான் வேலை என்று பயிற்சி கொடுக்க வந்த அம்மா இரண்டு மணி நேரம் சொன்னார். எங்கள் பெரிய டாக்டருக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டால் சாவு நம் கட்டடத்தில் நடந்ததாக இருக்காது.

குழுவில் ஆறு பேர். என்னையும் சேர்த்து ஐந்து பேர் போட்டோவுக்கு. ஆறாவது ஆள் மல்லசமுத்திரத்து அமுதவல்லி அக்கா, பதினெட்டு வருஷமாகக் குழந்தை வார்டு நர்ஸ். பயிற்சியில் வாயே திறக்கவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்தோம். நாங்கள்தான் மேதாவிகள் ஆயிற்றே!

முதலில் வந்தது 'தனப்பிரியா பேபி'. காலில் கட்டிய அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. நுரையீரல் வளரவே இல்லை. சிசேரியன் ஆன அம்மா தனப்பிரியா மாடியில் படுத்திருந்தாள். பிள்ளை முகத்தை இன்னும் பார்க்கவில்லை. "பார்த்தா தாங்கமாட்டாளுங்க" என்றான் புருஷன் கௌசிக். டாக்டருக்கு அது வசதியாகப் போயிற்று. அவர்கள் ஊரான பரமத்தி வேலூர் வரை, குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே போய், வீட்டு வாசலில் மூச்சுக் குழாயை எடுத்துவிடுவதாக ஏற்பாடு. வெட்கக்கேடு, இதற்குத்தான் அந்தக் கேக்.

அக்கா குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்தார். ஆம்புலன்ஸ் பக்கம் போகாமல் லிப்டுக்குள் நுழைந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், ஊட்டுக்குத்தானுங்க கொண்டு போகோணும்னாங்க?" கௌசிக் பதறினான்.

"தாங்குவாளா மாட்டாளான்னு அவளையே கேட்டுக்கலாம், வாங்க தம்பி."

நானும் கூடவே ஓடினேன். தைரியம் ஒன்றும் இல்லை, காற்றுப் பை என் கையில் இருந்தது.

"சாமி, புள்ள நிக்காது. இருக்கற வரைக்கும் உன் மடியில இருக்கட்டும்" என்று சொல்லி அக்கா குழந்தையைத் தனப்பிரியாவின் மடியில் வைத்தார்.

தனப்பிரியா அலறவில்லை. பிள்ளையின் விரல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். "காது எங்கப்பனாட்டவே இருக்குதுங்க. வளவன்னு பேரு வெச்சிருந்தனுங்க" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். கௌசிக் அவளருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரத்துக்கு மேல் கழிந்து குழந்தையின் இதயம் நின்றது.

மறுநாள் அக்காவுக்கு மெமோ வந்தது. அனுமதியின்றிக் குழந்தையை இடம் மாற்றியதால் விளைந்த பயன் என்ன என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அக்கா ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: 'வளவன் நாற்பது நிமிஷம் அம்மா மடியில் இருந்தான்.'

பெரிய டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"யாரும்மா இந்த வளவன்?"