ஏரிக்கரை வீட்டின் அடியில்

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா புக்கிட் காத்திலில் என்னோடுதான் இருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில், "ஏரிக்கரையில ஒரு பழைய கம்போங் இருக்காம், போய் பாத்துட்டு வரலாம்மா" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாற்பது வருடம் லாரி ஓட்டியவருக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை இருந்ததே இல்லை. நான் காடியை எடுத்து வெளியே வந்த பிறகுதான் மீதியைச் சொன்னார்.

"உம்பாய் போயிட்டுப் போவோம். அங்க ஒருத்தங்கள ஏத்திக்கணும்."

"யாருப்பா?"

"சர்ச்சுல பழக்கம். வீட்டுக்காரரு இல்ல." கொஞ்ச தூரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். "கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். நீ பாக்கணும்."

சிக்னலில் பச்சை விழுந்தும் எடுக்காமல் நின்றதில் பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

உம்பாயில் ஏறியவர் மெலிந்த, உயரமான ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். "உன் காடி நல்லா குளுகுளுன்னு இருக்கும்மா" என்றார். நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினேன். அம்மாவின் சேலைகள் இன்னும் என் அலமாரியில் இருந்தன. அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது.

கம்போங் என்கிற அந்த மலாய்க் கிராமத்தில் இருபது வீடுகளுக்குள்தான் இருக்கும். எல்லாம் மரத்தூண்களின் மேல் உயர்ந்து நின்றன. தூண்கள் மண்ணில் படாதபடி ஒவ்வொன்றின் கீழும் ஒரு கல் இருந்தது. நாங்கள் போன வீட்டின் முன்படி மட்டும் சிமெண்டில் கட்டியது. இரண்டு கைகளை விரித்ததுபோல் இருபுறமும் வளைந்து ஏறி மேலே ஒன்றாகச் சேர்ந்தது. படிக்குப் படி பூப்போட்ட ஓடுகள், பச்சையும் ரோஸுமாக. வீட்டுக்கார மக்சிக், நடுவயது மலாய்ப் பெண், மேலிருந்தே எங்களைக் கூப்பிட்டார்.

உம்பாய் ஆன்ட்டி படிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "என் முட்டிக்கு இது ஒத்து வராது. நீங்க போய் பாத்துட்டு வாங்க." வீட்டுக்கு அடியில் நிழலில் கிடந்த மரப்பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேலே முன்கூடம் நீளமாக இருந்தது. அதிலிருந்து உள்வீட்டுத் தளம் ஒரு சாண் உயரம். வெளியாட்கள் முன்கூடத்தோடு சரி, உள்ளே ஏறுவது சொந்தக்காரர்கள் மட்டும் என்று மக்சிக் மலாயில் சொல்லிவிட்டு, "இப்ப யாரு அதெல்லாம் பாக்கிறா, ஏறி வாங்க" என்றார். அப்பா ஏறிவிட்டார். எனக்குக் கால் எழவில்லை. உத்தரங்களை ஆணி இல்லாமல் பூட்டியிருப்பதை மக்சிக் காட்டினார். அப்பா தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், ஜன்னல் கதவுகளைத் திறந்து மூடினார். நான் ஏரியைப் பார்த்தேன், கைப்பேசியைப் பார்த்தேன், மறுபடியும் ஏரியைப் பார்த்தேன். நிற்க முடியாமல் கீழே இறங்கினேன்.

ஆன்ட்டி நகர்ந்து இடம் கொடுத்தார். தலைக்கு மேல் பலகை இடுக்குகளில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. அப்பா நடக்கும் சத்தம் கேட்டது. இந்தக் கோடிக்குப் போய், நின்று, திரும்பி அந்தக் கோடிக்கு.

"வீட்டுலயும் இப்படித்தான் நடப்பாரா?"

"அம்மா போனதுலேர்ந்து இப்படித்தான் ஆன்ட்டி. உக்காரவே மாட்டாரு."

அவர் தலையசைத்தார். "என் வீட்டுக்காரரு எட்டு வருஷம் படுக்கையில இருந்தாரு. வேலைக்குப் போனாலும் நோயாளி, வீட்டுக்கு வந்தாலும் நோயாளி. இப்பதான்மா நெனச்ச நேரத்துக்கு எந்திரிக்கிறேன்." மேலே சத்தம் நின்றது. அவரும் பேச்சை நிறுத்தினார். மறுபடி நடை கேட்டதும் தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் இன்னும் சரின்னு சொல்லல. சொல்லிட்டதா உங்க அப்பாதான் நெனச்சுக்கிட்டாரு."

காலையிலிருந்து என் காதில் விழவேண்டும் என்று நான் விரும்பியது இதுதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அப்பா நல்லா சமைப்பாரு ஆன்ட்டி. அவரு துணிய அவரே தொவச்சுக்குவாரு. சுகர் கூட கொஞ்சம்தான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நீ என்னம்மா, ஆள் பிடிக்கிற மாதிரி பேசுற?"

எனக்கு முகம் சுட்டது. அம்மாவின் இடத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு காரில் அத்தனை தூரம் வாயை மூடிக்கொண்டு வந்தவள் நான். அப்பாவை யாராவது பார்த்துக்கொண்டால் தேவலை என்ற ஆசை அதற்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அப்பா படியிறங்கி வந்து, "என்ன பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

"வீட்டப் பத்திதான்" என்றார் ஆன்ட்டி.

திரும்பும் வழியெல்லாம் அப்பாதான் பேசினார், அந்த மரப் பூட்டுகளைப் பற்றி. ஆன்ட்டி என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்வது என் வேலையா இல்லையா என்று ஒரு வாரம் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. புக்கிட் ரம்பாயில் என் ஆபீசில் ஒரே டெலிவரி ஆர்டரை இரண்டு முறை அனுப்பினேன்.

அதிலிருந்து மூன்றாம் ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து ஆன்ட்டியே அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா காடியில் வந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கு வேணாமாம். கூட்டாளியா மட்டும் இருக்கலாம்னு சொல்றாங்க லா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன். வேற என்ன சொல்றது?"

வீட்டுக்கு வந்து அவர் நடக்கவில்லை. பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கோப்பி கொடுக்கும் சாக்கில் நான்கு முறை எட்டிப் பார்த்தேன்.

இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு சனிக்கிழமை சுட்ட மீன் சாப்பிட உம்பாய்க்குப் போகிறார். ஆன்ட்டியும் வருவாராம். என்னைக் கூப்பிடுவதில்லை. என்ன பேசுவார்கள் என்று கேட்டால், "என்னத்த பேசுறது, மீனப் பத்திதான்" என்கிறார். அவர் போயிருக்கும் நேரத்தில் நான் துணி மடிக்கிறேன், மடித்ததையே பிரித்து மறுபடி மடிக்கிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் அடிக்கிறேன்.