உப்பின் மேல் தாளம் போடுகிறவள்

லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் சண்முகத்தாயின் வலது கை பொத்தானை அமுக்குகிறது. இடது கை மேசையில் படிந்திருக்கும் உப்புத் தூளில் கோடு இழுக்கிறது. நீளக் கோடு என்றால் டிரம். புள்ளி என்றால் ஜால்ரா. கொக்கி மாதிரி வளைத்தால் நாயனம். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது ஹாரனுக்கு. எடைச்சீட்டைச் சன்னல் வழியாக நீட்டிவிட்டு, கோடுகளை ஒரு தரம் உற்றுப் பார்த்துச் செல்போனில் ஏற்றிக்கொண்டு, பூவென்று ஊதிவிடுகிறாள். அடுத்த லாரி வருவதற்குள் உப்பு மறுபடியும் படிந்துவிடும். முத்தையாபுரத்தில் காகிதத்துக்குப் பஞ்சம் வந்தாலும் வரும், உப்புக்கு வராது.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. பாட்டு வாத்தியார் வீட்டுப் படி மிதித்தவளில்லை. காதை மட்டும் கடவுள் அளவு பார்க்காமல் அள்ளிக் கொடுத்துவிட்டார். உப்பு லாரி ஓட்டும் சிலுவையிடம், "ஏலே, ஒன் ஹாரன் சுருதி எறங்கிக் கெடக்கு" என்று இவள் சொல்ல, அவன் போய்ப் பார்த்தால் பேட்டரி சாகக் கிடந்ததாம். இன்னொரு நாள் இவள் போட்ட தாளத்துக்கு எடைமேடையே ஆடி, நின்ற லாரியில் ஒரு மூடை எடை குறைந்துபோனதாகவும் பேச்சு. முதல் கதையை நம்பலாம். இரண்டாவதை நம்புகிறவர்கள், அந்த மூடை எங்கே போனது என்று சிலுவையிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வருஷம் தவறாமல் தசராவுக்குக் காப்புக் கட்டி, குறத்தி வேஷம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் குலசை முத்தாரம்மனுக்குச் செலுத்துகிறவள் சண்முகத்தாய். காளியும் குறத்தியுமாய் வேஷம் கட்டி ஆடும் அவளுடைய தசரா செட்டுக்குத் தலைவர் பலசரக்குக் கடை நல்லக்கண்ணு அண்ணாச்சி. போன வருஷம் அவர் ஆசைப்பட்டு, செட்டின் ஆட்டத்தை இணையத்தில் நேரலையாக விட்டார். வாசித்ததெல்லாம் சினிமாப் பாட்டு. பாட்டுக்கு உரிமைக்காரர் எங்கோ இருந்தார். அவருக்காக இணையத்துக்காரர்கள் படத்தை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். குவைத்தில் வீட்டுவேலை பார்க்கும் தங்கை முருகேஸ்வரி போனில் அழுதாள்.

"எக்கா, காளி நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு ஊமையா ஆடுதா. பாக்க முடியலக்கா."

அவள் ஊருக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. அந்தக் கொட்டுச் சத்தம் ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருக்கும் ஊர். யாரும் வாயைப் பொத்த முடியாத மெட்டு ஒன்றை அடுத்த தசராவுக்குள் தருவதாகச் சண்முகத்தாய் அம்மனிடம் நேர்ந்துகொண்டாள்.

நேர்வது எளிது. பாட்டுக் கட்டுவதற்கு இடம் வேண்டுமே? செல்போனை வாய்க்கு நேரே பிடித்து, "நாலு பேரு சேந்து ஓசியில பாட்டுப் போடுத எடம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். அது மூன்று கல்யாண மண்டபங்களைக் காட்டியது. மறுபடி கேட்டாள், பாளையங்கோட்டையில் ஒரு வீணை வகுப்பைக் காட்டியது. விடாமல் கேட்டதில் ஒரு செயலி அகப்பட்டது. பத்து நாள் ஓசியில் விட்டுப் பதினோராம் நாள் காசு கேட்டுக் கதவைச் சாத்தியது. இன்னொன்று கடைசிவரை ஓசிதான். ஆனால் அங்கே போட்ட மெட்டு கம்பெனிக்குச் சொந்தமாம். "வாடக வீட்டுல ஆணி அடிக்கதுக்கே அனுமதி கேக்கணும். அங்கன போயிக் கல்யாணம் பண்ண முடியுமா?" என்று அதையும் அழித்துவிட்டாள்.

மூன்றாவதாகக் கிடைத்தது ஒரு வலைத்தளம். ஒருவர் ஒரு சத்தத்தைப் போட்டு வைப்பார். முகம் தெரியாத இன்னொருவர் அதன்மேல் தன்னுடையதை ஏற்றுவார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், வாசிக்கலாம். சண்முகத்தாய் முதலில் போட்டது, லாரியின் பின்பலகை விழும் 'டொம்'. பிரேசிலில் இருக்கும் ரொசானா அதைக் கேட்டுவிட்டு டிரம் ஏற்றினாள். பின்லாந்தில் எய்னோ என்றொரு கிழவர், பனியில் அடைபட்ட வீட்டிலிருந்து அக்கார்டியன் பெட்டி வாசித்து அனுப்பினார். இவள் எடைமேடைக் கேபினின் தகரச் சுவரில் தட்டித் திருப்பி அனுப்பினாள். பெட்டியும் டிரம்மும் தகரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட, தசரா நெருங்கும்போது மெட்டு காளி இறங்கி ஆடுகிற பதத்துக்கு வந்திருந்தது.

அங்கேதான் சறுக்கினாள். எல்லாவற்றையும் கலந்து, தசரா செட்டின் பேரை மட்டும் போட்டு வலைத்தளத்தில் ஏற்றிவிட்டாள். குறத்தியின் தட்டில் விழும் காணிக்கையில் எந்தக் காசு எந்த வீட்டுக்காசு என்று யார் பார்க்கிறார்கள்? எல்லாம் அம்மன் காசு. அதே கணக்குத்தான் இதற்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் மெட்டைக் காணவில்லை. தளத்துக்காரர்கள் மறைத்து வைத்திருந்தார்கள். எய்னோ எழுதியிருந்ததைச் செல்போன் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது: "நீங்கள் எடுக்கலாம். நீங்கள் மாற்றலாம். தயவுசெய்து யாருடையது என்று கூறவும். உங்களுடையதையும் அவ்வாறே திறந்து வைக்கவும்."

சண்முகத்தாய்க்கு முதலில் சுருக்கென்றது. "குடுத்தத எவனாவது சொல்லிக் காட்டுவானா?" என்று டீக்கிளாசோடு நின்ற சிலுவையிடம் கேட்டாள்.

"எக்கா, அவரு காசா கேட்டாரு? பேருதான கேக்காரு" என்றான் அவன். "ஒங்க அன்னதானத்துக்கு அரிசி மூடை குடுத்தா மைக்குல அலறுதியள்லா? அதுமாரி நெனச்சிக்கிட வேண்டியதுதான்."

அவள் மேசை உப்பில் இரண்டு கோடு இழுத்துப் பார்த்தாள். பிறகு, "ஆமால. நான் இத தட்டுல விழுத காணிக்கன்னுல்லா நெனச்சிட்டேன்" என்றாள். அன்று மாலையே ரொசானா பேரும் எய்னோ பேரும் மெட்டோடு ஏறின. மெட்டும் வெளியே வந்தது.

நல்லக்கண்ணு அண்ணாச்சியிடம்தான் இந்தப் பேர் போடுகிற நியாயம் செல்லவில்லை. "அம்மன் பாட்டுல வெள்ளக்காரன் பேரு எதுக்குளா? இன்னொண்ணு, மேலத்தெரு செட்டுக்காரன் இதத் தூக்கிட்டுப் போயி வாசிச்சாம்னா என்ன செய்வ? நம்ம பேருல ஒரு பூட்டப் போடு."

"பூட்ட முடியாது அண்ணாச்சி. தொறந்து குடுத்தத தொறந்துதான் வைக்கணும். அதுதான் பேச்சு."

"அப்பம் ஒன் மெட்டே வேண்டாம். பழைய சினிமாப் பாட்டே போதும்."

"போதும், போதும். இந்த வருசமும் குவைத்துக்காரிக்கு ஊமப்படம் காட்டுங்க. அரிசி குடுத்தவன் பேர மூணு மட்டம் மைக்குல சொல்லுதிய. தாளம் குடுத்தவன் பேர ஒருமட்டம் சொன்னா வாயி சுளுக்கிருமோ?"

அண்ணாச்சிக்கும் துபாயில் ஒரு மகள் உண்டு. போன வருஷம் அவளும் அதே ஊமைக் காளியைத்தான் பார்த்தாள். அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "சொல்லித் தொலைக்கேன், போ" என்றார்.

சொல்லவும் செய்தார். தசரா ஆட்டம் தொடங்குமுன், அரிசி மூடை கொடுத்தவர்களை அறிவிக்கிற அதே கட்டைக் குரலில், "பிரேசில் நாடு, ரொசானா அக்கா அவர்கள், டிரம்மு! பின்லாந்து நாடு, எய்னோ அண்ணாச்சி அவர்கள், அக்கார்டியன்!" என்று மைக் அதிர முழங்கினார். கூட்டத்தில் ஒரு கிழவி, "பின்லாந்து எங்கன இருக்கு, ஏரலுக்கு அந்தப் பக்கமா?" என்றாள். "அந்தப் பக்கந்தான் ஆச்சி, ரொம்ப அந்தப் பக்கம்" என்றாள் சண்முகத்தாய். காளி ஆடினாள். குவைத்திலிருந்து ஒற்றை வரி வந்தது: "கேக்குதுக்கா."

செட்டு குலசையில் முச்சந்தியைத் தொட்டபோது எதிரே மேலத்தெரு செட்டு வந்தது. அதே மெட்டு. போதாததற்கு நடுவில் ஒரு நாயனம் புகுந்து, மேலே ஏறி, ஒரு புரட்டுப் புரட்டிக் கீழே இறங்கியது.

"பாத்தியாளா? நான் அப்பமே சொன்னம்லா! தூக்கிட்டான் பாரு!" என்று அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார்.

சண்முகத்தாய் கையைத் தூக்கித் தன் செட்டை நிறுத்தினாள். குறத்தி வேஷத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே நாயனக்காரரிடம் போனாள். அவர் பதறி வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார்.

"சண்டைக்கா வாரிய?"

"நடுவுல ஒரு புரட்டு புரட்டுனீரே, அது எங்க மெட்டுல கெடையாது. யாரு போட்டது?"

"நாந்தான். தானா வந்துச்சு. ஏன், தப்பா?"

"ஒம்ம பேரென்ன?"

"என் பேரு எதுக்கு?"

அவள் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். பெருவிரலில் ஒட்டியிருந்த வேஷச் சாயத்தை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

"முழுப் பேரையும் சொல்லும்" என்று, விரலை எழுத்துகளின் மேல் நிறுத்திக்கொண்டு நின்றாள்.