தையல் மாஸ்டரின் அரை மணி நேரம்

வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி டயாலிசிஸில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் தையல் மாஸ்டர், நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இருவருக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியே ரத்தம் மிஷினுக்குப் போகும். அங்கே மெல்லிய குழல்களின் சுவர் வழியாகக் கழிவு கசிந்து வெளியேறும், உடம்பில் தேங்கிய தண்ணீரையும் மிஷின் இழுத்துவிடும். சுத்தமான ரத்தம் அடுத்த ஊசியில் திரும்பும். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது.

மாஸ்டருக்கு ஒரே ஆசை, அந்த நான்கு மூன்றரையாக வேண்டும். வேலை விட்டு வருகிறவர்கள் தெருவைத் தாண்டுவதற்குள் கடையைத் திறந்துவிடலாம். பூட்டிய ஷட்டரைப் பார்த்துப் பார்த்துப் பாதி வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

அதற்காக நாக்கைக் கட்டினார்; குடிக்கிற தண்ணீர் குறைந்தால் இழுக்கிற நேரமும் குறையும். தண்ணீர் இழுத்தபின் அவர் அறுபத்திரண்டு கிலோ இருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. மூன்று மாதமாக இம்மி பிசகவில்லை. டீயை விட முடியாத எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் கேட்டேன். "என்ன மாஸ்டர், சொந்த பேண்ட்டையே அளவு தப்பித் தச்சுட்டீங்களா?"

"ரெண்டு தடவ பிடிச்சுட்டேன் சார். மறுபடியும் லூசு."

பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஊசி இல்லாமல் அவருக்கு ஒரு கை, எனக்கு ஒரு கை. நான் முனையைப் பிடிக்க, தொடையைச் சுற்றி அளந்தார். இரண்டரை அங்குலம் குறைவு.

"சதை போயிருக்கு. எடை அப்படியே நிக்குது," என்றார் மெதுவாக. "படுத்தா மூச்சு முட்டுது சார். உக்காந்தேதான் தூங்கறேன்."

கழித்தல் கணக்குதான். போன சதையின் இடத்தில் தண்ணீர்.

"சிஸ்டர்கிட்ட சொல்லாதீங்க. நேரத்தக் கூட்டிடுவாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரை விட்டுவிட்டுக் கடையை யாருக்குத் திறப்பாராம்? சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் சீட்டில் இருந்த எடையில் மூன்று கிலோவைக் குறைத்தார். "வேகமா இழுத்தா பிரஷர் விழுந்துடும். இனிமே நாலரை மணி நேரம்."

மாஸ்டர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம்தான் வாயைத் திறந்தார்.

"நேத்து படுத்துத் தூங்கினேன் சார்."

என் நேரம் முடிந்து சிஸ்டர் ஊசியைக் கழற்றினார். அவருக்கு இன்னும் அரை மணி இருந்தது. வழக்கமாகக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் அன்று பார்க்கவில்லை.

"கடைக்கு நேரமாகலையா மாஸ்டர்?"

"சாவிய கட்டட ஓனர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன் சார். நீங்க கெளம்புங்க."