பித்தளைத் தகட்டில் இருந்த படகோட்டி

பயிற்சிக்கு இங்கிலாந்து போயிருந்த எங்களை ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றி, பழைய தேவாலய நகரம் ஒன்றைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பல நூறு வருஷக் கோபுரமாம், வர்ணக் கண்ணாடியாம். எனக்கு ஒரு மண்ணும் ஏறவில்லை. குளிரில் காது விறைத்துப் போயிருந்தது. உட்சுவர் முழுக்கச் செத்த துரைமாருக்குப் பித்தளைத் தகடுகள். ஒன்றில் திருகோணமலை என்ற பெயரைக் கண்டு நின்றேன்.

துரையின் பெயரை வாசித்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அப்பா ஓட்டிய மோட்டார் படகின் சொந்தக்காரன். சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம், கடல் கொந்தளித்த ஒரு நாள், மூழ்கிச் செத்தான். அவன் பிணம் மட்டும் கரை ஒதுங்கியது. அன்றிலிருந்து அப்பாவையும் காணவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓர்ஸ் ஹில்லில் இருந்த துரையின் கந்தோருக்கு ஓடினாள்.

"உன்ர புருசன் அண்டைக்கு வேலைக்கே வரேல்லை. துரை தனியத்தான் போனவர்," என்றார் பெரிய கிளாக்கர்.

பிறகென்ன, ஊர் வாயைக் கேட்கவா வேண்டும்? அப்பா புல்மோட்டையில் ஒருத்தியோடு இருக்கிறார் என்று கண்ணால் கண்டதுபோலக் கதைத்தார்கள். அம்மாவும் நம்பினாள். நானும் நம்பினேன்.

தகட்டில் இருந்தது இதுதான்: திருகோணமலைத் துறைமுகத்தில், தன் படகோட்டியோடு மூழ்கி இறந்தார்.

படகோட்டியோடு! படுபாவிகள்! அந்தக் கடலில் படகை எடுக்கச் சொன்னது துரைதான் என்று வந்துவிடக் கூடாதென்று எங்களுக்குப் பொய். தங்கள் சாமிக்கு முன்னால் மட்டும் உண்மை. அதிலும் அப்பாவின் பெயர் இல்லை. சுற்றிக்காட்ட வந்த வெள்ளைக்காரப் பெண்மணி, உங்கள் துறைமுகம் மிக அழகாமே என்று சிரித்தாள்.

"என்ர அப்பா அதுக்குள்ளதான் கிடக்கிறார்!" என்று தமிழிலேயே கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஊர் வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் குசினிக்குள் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம் அம்மா. கையால தடவியும் பாத்தனான்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பில் கொதித்த சோற்றையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

"இருவது வருசமா அந்த மனுசனுக்கு ஒரு திவசம் செய்யேல்லை, ஒரு பிடி சோறு படைக்கேல்லை," என்றாள். "விடிஞ்சா, பொழுதுபட்டா, நாசமாப் போவான் எண்டு திட்டினனான்டா."