கேட்டில் தொங்கிய துண்டு

எங்கள் தெருவில் எந்த நேரத்திலும் யாராவது தூங்கிக்கொண்டிருந்தார்கள். நெய்வேலியில் அது வழக்கம். சுரங்கத்துக்கு இரவும் பகலும் ஒன்று. சங்கு ஊதினால் பாதித் தெரு சைக்கிளில் ஏறிப் போகும். மீதித் தெரு பழுப்புத் தூசியோடு திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு, ஜன்னல்களைச் சாத்திக்கொள்ளும். காலை பத்து மணிக்கு ஒரு வீட்டில் நள்ளிரவாக இருக்கும். அடுத்த வீட்டு வாசலில் வடாம் காய்ந்துகொண்டிருக்கும்.

எனக்கு அப்போது பள்ளியில் சேர்க்கும் வயது ஆகவில்லை. தம்பி என்னைவிடச் சின்னவன். அந்த ஆண்டு பொங்கலுக்கு வந்த சித்தி, பொங்கல் முடிந்தும் போகவில்லை. அவள் கணவர் வடக்கே வேலைக்குப் போய் வெகுநாளாகத் தகவல் இல்லை. கணவரின் அண்ணன் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆள் விட்டுக்கொண்டே இருந்தார், வீட்டுவேலைக்கு ஆள் இல்லை என்று.

"அங்க போனா, தொழுவத்துல இருக்கிற மூணு மாட்டோட நீ நாலாவது" என்றாள் அம்மா.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் சின்னது. "சித்திரை வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள அவளுக்குன்னு ஒரு வருமானம் வந்தா இருக்கட்டும். இல்லைன்னா பஸ் ஏத்தி விட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டிலிருந்தபடியே என்ன செய்யலாம் என்பது எங்கள் வீட்டின் அன்றாடப் பேச்சாயிற்று. தையலுக்கு மெஷின் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரலாம் என்றால், தெருவுக்கு ஒரு டீச்சர் இருந்தார். மருதாணி போட்டுவிடலாமா, பூக்கட்டித் தரலாமா என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, சித்தி ஒவ்வொன்றாகத் தலையாட்டி மறுத்தாள். பிறகு ஒருநாள் தெருவைச் சும்மா சுற்றி வந்தாள். மறுநாளும் சுற்றினாள். மூன்றாம் நாள் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இவங்களுக்கு வீடு இருக்கு, கரண்ட் இருக்கு, தண்ணி இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்."

"என்னது?"

"தூக்கம்."

சித்தியின் தொழில் அப்படித்தான் தொடங்கியது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்கும் வீட்டில் கேட்டில் ஒரு ஈரத்துண்டைத் தொங்கவிட வேண்டும். சித்தி வந்து, சத்தமில்லாமல் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவாள். மதியம் திருப்பிக் கொண்டுவந்து விடுவாள். சம்பள நாளில் அந்த வீட்டு அம்மாக்கள் கையில் எதையாவது சுருட்டிக் கொடுப்பார்கள்.

குழந்தைகளை அகற்றினால் மட்டும் போதாது என்பது சித்திக்கு விரைவில் தெரிந்தது. மந்தாரக்குப்பத்திலிருந்து உப்பும் கோலமாவும் கொண்டுவரும் சைக்கிள்காரரைத் தெருமுனையிலேயே மறித்தாள்.

"இன்னாம்மா இது, கூவாத உப்ப எவன் வாங்குவான்?"

"கூவினா எவன் தூங்குவான்? நீங்க இந்த மரத்தடியில நில்லுங்க. நான் வீடு வீடாப் போய்ச் சொல்றேன்."

அவர் சைக்கிள் மணியைக் கைக்குள் பொத்திக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தார். "சாவு வூடு கூட இவ்ளோ அமைதியா இருக்காதும்மா. நானும் எத்தினி நாள் வாய மூடிகினு வியாபாரம் பண்றது?" என்றார். ஆனாலும் நின்றார். உப்பு முன்னைவிட அதிகம் விற்றது.

எங்களைச் சித்தி அழைத்துப்போனது பிளாக்குக்குப் பின்னால் இருந்த முந்திரித் தோப்புக்கு. கிளைகள் தரையைத் தொடும் மரங்கள். உள்ளே நுழைந்தால் பச்சை வெளிச்சத்தில் ஒரு அறை. பழம் கனிந்த வாசனை தொண்டையைக் கரகரக்கச் செய்யும். அங்கே பேசாமல் விளையாட வேண்டும். முதலில் பேசியவருக்கு 'நைட் ஷிப்ட்': மரத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பி உட்கார வேண்டும். விளையாடி அலுத்ததும் சருகுகளின் மேல் படுப்போம். காதை மண்ணில் வைத்தால் எங்கோ தொலைவில் சுரங்க இயந்திரம் ஓடுவது கேட்கும். பூமிக்கும் நைட் ஷிப்ட் உண்டு, அதுதான் குறட்டை விடுகிறது என்று தம்பி நம்பினான். சித்தி அதை மறுக்கவில்லை.

மாசி முடியும்போது எங்கள் தெருவில் துண்டுகள் அதிகமாயின. ஒரே நாளில் இவ்வளவு பேருக்கு நைட் ஷிப்ட் இருக்க முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை, எதிர்வீட்டு மாமா காய்ச்சலென்று பாதி வேலையில் திரும்பி வரும்வரை. அந்த வாரம் அவருக்குக் காலையில் போகும் முதல் ஷிப்ட். வீட்டில் பிள்ளைகள் இல்லை, கதவு உள்தாழ், கேட்டில் துண்டு.

"நான் மைன்ஸ்ல கிடக்கேன். என் வீட்ல யாருடி தூங்குறது?" என்று அவர் கதவை இடித்தது தெரு முழுவதும் கேட்டதாம்.

கதவைத் திறந்த எதிர்வீட்டு அத்தையின் கன்னத்தில் பாய்க்கோடுகள் பதிந்திருந்தன. "நான்தான்" என்றாளாம்.

மாலையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். "சார், உங்க கொழுந்தியா இங்க பொம்பளைங்களைப் பகல்ல தூங்கப் பழக்குறாங்க. நல்லால்ல."

அப்பாவுக்கு அது மானப்பிரச்சினையாகிவிட்டது. துண்டு வியாபாரம் அன்றோடு நின்றது. சித்திரை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே சாத்தூர் பஸ் என்றார். சித்தி பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வைத்தாள். அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தார். நானும் தம்பியும் தகர டப்பாவை உருட்டி விளையாடினோம். அம்மா எங்களை அதட்டவில்லை. அவளுக்கு அன்று பார்த்து இட்லிப்பொடி இடிக்க வேண்டியிருந்தது. உப்புக்காரர், அதுவரை சேர்த்துவைத்த குரலையெல்லாம் எங்கள் வாசலில் கொட்டினார். மறுநாளும் இப்படியே. அதற்கு மறுநாள், கண் சிவந்த எதிர்வீட்டு மாமா வந்து கேட்டருகே நின்றார். அவரும் இப்போது நைட் ஷிப்ட்.

"சார், உங்க கொழுந்தியா ஊருக்குப் போயாச்சா?"

அப்பா உள்ளே வந்தார். கொடியில் கிடந்த தன் துண்டை எடுத்து, குழாயில் நனைத்து, பிழிந்து, தானே கேட்டில் போட்டார். பிறகு சித்தியைப் பார்க்காமல் சொன்னார்: "பெட்டியை உள்ள தள்ளும்மா. உன்னை பர்மனென்ட் பண்ணியாச்சு."

"சரிங்க அத்தான்" என்றாள் சித்தி. எங்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் சிரித்தாள்.

பங்குனியில் ஒருநாள் தோப்பிலிருந்து நான் தனியாக ஓடி வந்தேன். தாகம். எங்கள் கேட்டில் துண்டு தொங்கியதால் கதவைத் தட்டவில்லை. பின்பக்க ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மின்விசிறி சுற்றியது. அப்பாவின் வேட்டியைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வேட்டி மெல்ல ஏறி இறங்கியது. நான் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனேன்.

மதியம் இரண்டு மணிச் சங்குக்குப் பிறகு அப்பா சைக்கிளில் வந்தார். முதல் ஷிப்ட் முடிந்து, தலைக்கவசத்தோடு, முகமெல்லாம் பழுப்புத் தூசி. நான் அவரையும், உள்ளே மடித்து வைத்திருந்த வேட்டியையும் மாறிமாறிப் பார்த்தேன்.

எனக்கு இரண்டு அப்பாக்கள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. ஒருவர் சுரங்கத்துக்குப் போகிறவர், ஒருவர் வீட்டிலேயே தூங்குகிறவர். வெகுநாள்வரை அதை யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அம்மா எங்கே போயிருந்தாள் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை.