மேல் பர்தாவைக் கட்டச் சொன்னவர்

இன்ஜினியர் தேவராஜ் பொய் சொல்கிறார். அவர் இன்ஜினியராக இருந்த எங்கள் தோல் டேனரியில் பஷீர் பாயின் வலது கை போனது பஷீர் பாயின் கவனக்குறைவால் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கரண்ட் பிரேக்கரில் கை படாமல் காக்கும் மேல் பர்தாவைக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னது தேவராஜ். அவர் பேசிவிட்டார். இப்போது நான் பேசுகிறேன்.

1. பெட்டியும் பர்தாவும்

நான் குடியாத்தத்துக்காரன். பவர்லூம் மோட்டார்களில் வேலை கற்று, எழுபதுகளில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் வயர்மேனாகச் சேர்ந்தேன். பஷீர் பாய் எனக்கு முன்பிருந்தே அங்கே வயர்மேன். பேனல் ரூமுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்களின் மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுப்பது கழற்றி எடுக்கும் வகை பிரேக்கர். நாங்கள் அதைப் பெட்டி என்போம். முதலில் ஆஃப் செய்யவேண்டும். பிறகு ஹேண்டிலைச் சொருகிச் சுற்றினால் பெட்டி தண்டவாளத்தில் நகர்ந்து வெளியே வரும். பெட்டி வந்த பிறகு உள்ளே சுவரில் காண்டாக்ட்டுகள் தெரியும். கீழ் வரிசை டிரம்முக்குப் போகிறது, அது செத்திருக்கும். மேல் வரிசை மெயினிலிருந்து வருகிறது. மெயினை இறக்காதவரை அதில் எப்போதும் கரண்ட் இருக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தகரத் தடுப்பு. பெட்டி வெளியே வரும்போது இரண்டும் தானாக விழுந்து காண்டாக்ட்டை மூடிவிடும். உள்ளே போகும்போது தானாக மேலே ஏறிக்கொள்ளும். கம்பெனிக்காரன் வைத்த பெயர் ஷட்டர். எங்கள் ஊரில் அது பர்தா.

இரண்டு பர்தாவும் ஒன்றாக விழும். 'டடக்' என்று ஒரே சத்தம். சத்தம் கேட்டதும் ஹேண்டில் சுற்றுகிறவன் "பர்தா வுழுந்துச்சு" என்று குரல் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவன் துணியோடு உள்ளே கை விடுவான். இது எங்கள் பேனல் ரூம் வழக்கம்.

துடைக்காமல் விட முடியாது. சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் சல்பைடு காற்றுக்குப் பெட்டியின் செம்பு கறுத்துப்போகும். உப்புத் தூசி உள்ளே பர்தாவின்மேலும் சுவரிலும் படியும். மெயினை இறக்கிவிட்டுத் துடைப்பதுதான் முறை. எங்களுக்கும் தெரியும். ஆனால் மெயினை இறக்கினால் எல்லா டிரம்மும் நிற்கும். நின்ற டிரம்மில் கிடக்கும் தோல் திட்டுத் திட்டாகச் சாயம் ஏறும். "மெயின்ல எவனாவது கை வெச்சா சீட்டு கிழிஞ்சிரும்" என்று தேவராஜ் எங்களிடம் நேராகவே சொல்லியிருந்தார். கவனக்குறைவு என்று பேசுகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

2. சனிக்கிழமை

எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. பாயின் கை போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவசர ஆர்டருக்காக டிரம் ஓடியிருக்கிறது. நானும் பாயும் வேலைக்குப் போகவில்லை. லீவுக்காக வெளியே இழுத்து வைத்திருந்த பெட்டியை உள்ளே தள்ளும்போது மேல் பர்தா துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. ஃபிட்டர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு அதைத் தூக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறார் தேவராஜ். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் துடைக்கும் வேலை. அந்தப் பகுதி டிரம்களில் தோல் மாற்றும் நேரம் பார்த்து பிரேக்கரை ஆஃப் செய்தோம். பாய் ஹேண்டிலைச் சுற்ற முயன்றார். நகரவில்லை.

"இன்னா பாய், நேத்து பிரியாணி ஜாஸ்தியா? கை ஓடமாட்டேங்குது" என்றேன்.

"வாய் மட்டும் நல்லா ஓடுது உனக்கு. நீ வந்து சுத்து நைனா, தெரியும்."

நான் சுற்றினேன். பெட்டி வெளியே வந்தது. 'டடக்' என்று சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. "பர்தா வுழுந்துச்சு" என்று குரல் கொடுத்தேன். பாய் துணியோடு கையை உள்ளே விட்டார்.

விழுந்தது கீழ் பர்தா மட்டும். மேல் பர்தா கட்டப்பட்டிருந்தது. ஒன்று விழுந்தாலும் இரண்டு விழுந்தாலும் சத்தம் ஒன்றுதான். அது எங்கள் இரண்டு பேருக்குமே அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமும் வந்ததில்லை. அதற்கு முன் அந்தப் பர்தாவை யாரும் கட்டியதில்லை.

நீல வெளிச்சம் அடித்தது. பாயின் கை உள்ளேயே பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். பாய் தரையில் விழுந்தார். டேனரி முழுக்க நின்றது.

வேனில் அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள்.

வேன் கேட்டைத் தாண்டுவதற்குள் தேவராஜ் பேனல் ரூமுக்கு வந்தார். வந்ததும் அவர் கேட்டது: "மெயினை எவன்யா ஆஃப் பண்ணது?"

3. ஹேண்டில்

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். மேல் பர்தா தூக்கியிருந்தது. கட்டுக்கம்பி பளபளவென்று புதிதாக இருந்தது.

"இது யார் கட்டனது?" என்று கத்தினேன்.

வாசலில் கூட்டம் கூடியிருந்தது. ஏகாம்பரம் முன்னால் வந்தார். "நான்தாம்பா கட்டனேன். சார் கட்டச் சொன்னாரு. திங்கக்கெயம சரி பண்ணிக்கலாம்னாரு."

"டெம்பரரியாத்தானேய்யா சொன்னேன்" என்றார் தேவராஜ். இதை அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார். "நின்னு வேடிக்கை பாக்காத. மெயினைப் போட்டுப் பெட்டியை உள்ள தள்ளு. தோல் ஏத்தியாச்சு."

பெட்டியை உள்ளே தள்ளவும் அதே ஹேண்டில்தான் வேண்டும். டேனரிக்கு இருந்தது ஒரே ஹேண்டில். அதை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

"தள்ளமாட்டேன்."

"கோபால், விளையாடாத. ஹேண்டிலக் குடு."

"பர்தாவ சரி பண்ணுங்க. கட்டச் சொன்னது உங்க தப்புன்னு இங்க இருக்கறவங்க முன்னாடி சொல்லுங்க. அப்புறம் தர்றேன்."

"வேலை போயிடும்டா."

"பாய்க்குக் கை போய்ட்டுது சார்."

முதலாளியே வந்தார். "கோபாலு, தோலு கெட்டுப்பூடும்பா" என்றார். "கெட்டா கெடட்டும் மொதலாளி" என்றேன். யாரும் என்னிடமிருந்து ஹேண்டிலைப் பிடுங்க வரவில்லை. டிரம் ஆட்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். அந்தத் தோல் கெட்டது. எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

மெட்ராசிலிருந்து பிரேக்கர் கம்பெனி மெக்கானிக் வந்து பர்தாவை மாற்றிய பிறகுதான் ஹேண்டில் என் இடுப்பைவிட்டு இறங்கியது. நான் கேட்டதில் ஒன்று நடந்தது. இன்னொன்றை, தப்பு தன்னுடையது என்று அவர் வாயால் சொல்லவைப்பதை, என்னால் செய்ய முடியவில்லை. விசாரணையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். ஏகாம்பரத்தையும் என்னையும் பேசவே விடவில்லை. என்னைச் சுண்ணாம்புக் குழி பம்புக்கு மாற்றினார்கள். பாயை கேட்டில் உட்காரவைத்தார்கள். தேவராஜின் ஜீப் வரும்போதெல்லாம் இடது கையால் கேட்டைத் திறந்துவிட்டவர் பஷீர் பாய்.

4. இளைஞர்களுக்கு

போன மாதம் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் தேவராஜ் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். "என் சர்வீஸ்ல ஒரு கேர்லெஸ் ஃபெலோ, லைவ்ல கை விட்டுட்டான்" என்றார். பையன்கள் சிரித்தார்கள். நான் பின்வரிசையிலிருந்து எழுந்து கேள்வி கேட்டேன். உட்காரச் சொன்னார்கள். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

பாயிடம் போய்ச் சொன்னேன். "கை போனதுகூட பழகிப்போச்சு கோபாலு. நான் கேர்லெஸ்ஸா? அதான் பேஜாரா இருக்குது" என்றார்.

சிரித்த பையன்களுக்குச் சொல்கிறேன். சத்தத்தை நம்பாதே. டார்ச் அடித்து மேல் பர்தா, கீழ் பர்தா இரண்டையும் கண்ணால் பார். மெயினை இறக்கி, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த பிறகு கையை விடு. டிரம் நிற்கக்கூடாது என்று எவனாவது சொன்னால், அவனையே உள்ளே கை விட்டுக் காட்டச் சொல். பாதுகாப்பைக் கெடுத்து ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் முடியாது என்று சொல். சொல்லிவிட்டு அங்கேயே நில்.

தேவராஜ் சார், அடுத்த வாரம் அதே பள்ளியில் உங்களுக்குப் பாராட்டு விழா என்று கேள்விப்பட்டேன். பஷீர் பாயை அழைத்துக்கொண்டு வருகிறேன். ஏகாம்பரமும் வருகிறார். மாலையைப் போட்டுக்கொள்வதற்கு முன்னால், அதே பையன்களுக்குக் கேட்கும்படி மைக்கில் பதில் சொல்லுங்கள்: எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் அந்தப் பர்தாவைக் கட்டச் சொன்னது யார்?