அம்சவல்லி கழற்றி வைப்பது

முதலில் வளையல்களைக் கழற்றுவார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவார். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போடுவார். கடைசியாகக் கழுத்திலிருக்கும் மஞ்சள் கயிற்றைத் தலைவழியே எடுத்து, தாலியோடு சுருட்டி மடியில் முடிந்துகொள்வார். பிறகுதான் அம்சவல்லி, தோட்டத்து மேலாளரான துரையின் பொம்மை விமானத்துக்குப் பக்கத்தில் போவார்.

ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டத்துப் பந்துத் திடலில் இது நடக்கும். துரை திடலின் நடுவில் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கம்பிகளின் மறுமுனையில், அவரைச் சுற்றிப் பறக்கும் விமானம். அதன் எஞ்சினை முடுக்கி, விமானத்தைப் பிடித்திருந்து விடுவது அம்சவல்லியின் வேலை. உள்ளங்கையில் அடங்கும் பெட்ரோல் எஞ்சின்தான். ஆனால் முன்னால் சுழலும் மரக் காற்றாடி விரலைக் கேட்டால் எலும்போடு கேட்கும். துரையின் டிரைவர் கட்டைவிரலில் தையல் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார். "கொழுந்து கிள்ளுற வெரலு, நடுங்காது" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இவரைக் கைகாட்டினார்.

பெட்ரோல் தகரத்தை மூடி எட்ட வைப்பார். சிந்தியதைத் துடைப்பார். காற்றாடிக்கு நேர்ப் பக்கவாட்டில் ஒருவரையும் நிற்க விடமாட்டார். "தள்ளிப் போங்கலா! பிச்சுக்கிட்டு வந்தா மூஞ்சிதான்." விரலால் தட்டாமல், ரப்பர் குழாய் மாட்டிய குச்சியால் தட்டுவார். எஞ்சின் பிடித்ததும் பின்பக்கமிருந்து கை நீட்டிப் பெட்ரோல் திருகைச் சரிசெய்வார். அப்போது குனிய வேண்டும். ஒருமுறை, ஊக்குக் குத்தி உள்ளே விட்டிருந்த தாலிக்கயிறு நழுவித் தொங்கியது. காற்றாடி அதன் நுனியைக் கத்தரித்துப் போட்டது. அன்றிலிருந்து கழற்றுகிறார்.

தொழிலாளிகள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்கு அது பொறுக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பக்கத்து வீட்டு ருக்குமணி கேட்டே விட்டார்: "அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில தாலிய மடியில முடியிறியே, ஒனக்கே நல்லாருக்கா அண்ணி?"

"வெரலு போனா நீ வந்து கிள்ளித் தருவியா? தாலிய மறுபடி மாட்டிக்கலாம்லா. வெரல?"

அன்று எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது சிரிப்பில்லை. கணவர் கந்தன் மூச்சு முட்டி, தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வருஷக்கணக்காக, முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல் களைக்கொல்லி அடித்தவர். தோட்டம் கொடுக்காத முகமூடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாலியைக் கழற்றியதுதான் காரணம் என்றார் பூசாரி; லயமே தலையாட்டியது. நுரையீரலை அரித்தது மருந்து, பழி நூலுக்கு. முதலாளிக்கு இதைவிடத் தோதான சாமி எங்கே கிடைக்கும்?

துரையிடம் மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. மருந்தடிக்க முடியாமல் போன கந்தனுக்கு வாசல் காவல் கிடைத்ததே இந்த ஞாயிற்றுக்கிழமைகளால்தான். காவல் போனால் லயத்து வீடும் போகும்.

போன ஞாயிறு திடலில் பனி இறங்கியிருந்தது. ருக்குமணி ஓரத்தில் வந்து நின்றார். குரலில் கேலி இல்லை.

"இன்னிக்கு ஒரு நாளாச்சும் கழட்டாத அண்ணி. அண்ணன் பொழச்சு வரணும்."

"நூலுக்கும் அவரு மூச்சுக்கும்..." என்று அம்சவல்லி ஆரம்பித்தார்.

"செப்பாட்லா, அம்சா!" திடலின் நடுவிலிருந்து துரை அவசரப்படுத்தினார்.

அம்சவல்லியின் கை கழுத்துக்குப் போனது. கயிற்றை முகவாய் வரை தூக்கியது. அங்கேயே நின்றது. பிறகு தாலியை வாய்க்குள் திணித்து, கயிற்றைப் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டு, குச்சியை எடுத்துக் குனிந்தார்.